கம்ப்யூட்டர் தேவை

1892 மே மாத நியூயார்க் டைம்ஸில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது: கம்ப்யூட்டர் தேவை. அமெரிக்கக் கடல் பஞ்சாங்க அலுவலகத்தில் இரண்டு இடங்கள் காலி. ஒன்றுக்குச் சம்பளம் 1,000 டாலர், மற்றதற்கு 1,400. இயற்கணிதம், வடிவியல், திரிகோணமிதி, வானியல் ஆகிய பாடங்களில் தேர்வு உண்டு. இன்று அதே தலைப்பில் விளம்பரம் வந்தால் ராம் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்றுதான் விசாரிப்போம். அன்று கம்ப்யூட்டர் தேர்வு எழுதினார், பாஸானார், சம்பளம் வாங்கினார்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 1613-லேயே அச்சேறிவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு அதன் முதற்பொருள் கணக்குப் போடும் ஆள் என்பதே. கிரீனிச்சின் ராஜ வானியலாளர் மஸ்கலின் 1767-ஆம் ஆண்டுக்கான முதல் கடல் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தபோது, அவருடைய கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு ஊரில், தத்தம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒரே மாதத்துக்கான சந்திரனின் நிலைகளை இருவர் தனித்தனியே போட்டு அனுப்ப வேண்டும். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருமுறை இரு கம்ப்யூட்டர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள். ஒப்பிடுபவர் கண்டுபிடித்தார், இருவருக்கும் வேலை போயிற்று. இன்றைய கம்ப்யூட்டருக்கு எத்தனையோ கோளாறு வரும். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரோடு கூட்டுச் சேர்ந்து முதலாளியை ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவிலும் அது பதவிப் பெயராக இருந்தது. 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையில், 1831-இல் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார் வங்காளத்து ராதாநாத் சிக்தார். பிறகு தலைமைக் கம்ப்யூட்டரானார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரக் கணக்கில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-இல் செயற்கைக்கோள் துணையோடு அளந்து சொன்னது 8,848.86 மீட்டர், ஏறக்குறைய 29,032 அடி. பேனாவும் காகிதமும் கொண்டு போட்ட கணக்கு முப்பது அடிதான் தள்ளியிருந்தது. மலைக்கு வைத்த பெயர், ஓய்வுபெற்றுப் போன மேலதிகாரி எவரெஸ்ட்டுடையது.

சொல் கைமாறிய இடம் பிலடெல்பியா. இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகளைப் போட அங்கே ஏராளமான பெண்கள் இருந்தார்கள். அவர்களும் கம்ப்யூட்டர்கள். ஒரு குண்டின் பாதையை மேசைக் கால்குலேட்டரில் போட்டு முடிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற மின்னணு இயந்திரம் அதையே அரை நிமிடத்தில் போட்டது. அந்த இயந்திரத்துக்கு ஒயர் மாற்றிச் செருகி, எந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று அமைத்துக் கொடுத்தவர்கள் அந்தக் கம்ப்யூட்டர்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஆறு பெண்கள்.

எனக்கு இதில் சுவையாகப் படுவது அடைமொழியின் பயணம். இயந்திரம் புதிதாக வந்தபோது அதற்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது: எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர், ஆட்டோமேட்டிக் கம்ப்யூட்டர். வெறும் கம்ப்யூட்டர் என்றால் மனிதர். 1936-இல் ஆலன் டூரிங் தம் புகழ்பெற்ற கட்டுரையில் அப்படித்தான் எழுதினார்; அவருடைய கம்ப்யூட்டர் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போடும் ஆள். 1950-இல் அவரே எழுதிய இன்னொரு கட்டுரையில் அந்த ஆள் 'ஹியூமன் கம்ப்யூட்டர்' ஆகிவிட்டார். பதினான்கே ஆண்டுகள். பின்னாளில் பெங்களூரின் சகுந்தலா தேவி இரு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிக் காட்டியபோது, உலகம் அவரை அந்த அடைமொழியோடுதான் கொண்டாடியது. சிக்தாருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் பழைய பொருள் ஒரே நாளில் சாகவில்லை. 1962-இல் விண்ணில் பூமியைச் சுற்றிவரவிருந்த ஜான் கிளென், இயந்திரம் தந்த எண்களை நாசாவில் கணக்குப் போட்டுவந்த காத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். சரிபார்த்த பிறகே கிளம்பினார்.

தமிழில் நடந்தது வேறு. நாளும் கோளும் கணித்தவரைக் கணியன் என்றோம். பூங்குன்றனார் பெயரின் முன்னால் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. 1825-இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாட வாய்ப்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வானியலறிஞர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரம் 4 நிமிடம் பிசகியது, முடிவு 52 நிமிடம். இயந்திரம் வந்ததும் நாம் கணியனைப் பிடுங்கிக் கொடுக்காமல் கணினி என்று தனியே ஒரு சொல் செய்துகொண்டோம். பேச்சில் என்னவோ கம்ப்யூட்டர்தான்.

என் பள்ளிக்கூட லாக் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. காக்கி அட்டை, ஓரம் மடங்கிய பக்கங்கள், வரிசை தப்பாமல் இருக்க ஸ்கேலை வைத்து இழுத்த பென்சில் கோடுகள். ஒவ்வொரு எண்ணையும் என்றோ யாரோ ஒரு கம்ப்யூட்டர் போட்டிருக்க வேண்டும். அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. போன மாதம் பேத்தி அதைப் புரட்டிவிட்டு, இது எதற்கு என்று கேட்டாள். போனில் இரண்டின் மடக்கையைப் பார்க்கச் சொன்னேன். அவள் திரையைத் திறப்பதற்குள் 0.3010 என்றேன்.