ஆன்லைன் பந்தயம்: காலம் யார் பக்கம்?

ஆன்லைன் பந்தயத்தில் பணம் கட்டுகிற எல்லோரும் ஒரே இரவில் லட்சாதிபதியாகிவிடலாம் என்று கனவு காண்பவர்கள் அல்லர். படித்தவர்கள், வரவு செலவு எழுதி வைப்பவர்கள், ஆட்டத்தை நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் பலர் இன்னொரு நம்பிக்கையோடு வருகிறார்கள். ஒரு நாள் போகும், ஒரு நாள் வரும்; பேராசைப்படாமல், அளவோடு, பல மாதங்கள் ஆடினால் மொத்தத்தில் லாபம் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தயம் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், இந்தப் பொறுமைதான் இழப்பை உறுதியாக்குகிறது என்பது புரியும். குறுகிய காலத்தில் ஜெயிப்பது பந்தயத்தில் சாதாரணமாக நடப்பது. நீண்ட காலம் ஆடி லாபத்தில் நிற்பதுதான் ஏறக்குறைய யாராலும் முடியாதது.

சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பந்தய நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் 1.90 என்று ஆட்ஸ் போடுகிறது. 100 ரூபாய் கட்டியவர் ஜெயித்தால், கட்டிய பணமும் சேர்த்து 190 ரூபாய் கைக்கு வரும்; தோற்றால் 100 ரூபாயும் போகும். ஆளுக்கு 100 ரூபாயாக இருவர் எதிரெதிர் அணிகள்மீது கட்டினால் நிறுவனத்துக்கு வருவது 200, அது கொடுப்பது 190. எந்த அணி வென்றாலும் 10 ரூபாய் அதனிடம் தங்கிவிடுகிறது. கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 5 ரூபாய் நிறுவனத்துக்குப் போகிறது. நிறுவனம் ஏமாற்ற வேண்டியதில்லை, ஆட்டத்தின் முடிவை முன்கூட்டி அறிய வேண்டியதுமில்லை. ஆட்ஸிலேயே அதன் பங்கு அடங்கியிருக்கிறது. இந்த ஆட்ஸில் நட்டமில்லாமல் தப்பிக்கவே 100 பந்தயங்களில் ஏறக்குறைய 52.6 பந்தயங்கள் சரியாக அமைய வேண்டும். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்பவர் நட்டத்தில்தான் இருப்பார்.

இந்த 5 ரூபாய் ஒருநாள் ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது. பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லும் 100 பேர் ஆளுக்கு 100 பந்தயங்கள் கட்டினால், அவர்களில் சுமார் 31 பேர் லாபத்தில் இருப்பார்கள். அதே 100 பேர் 1,000 பந்தயங்கள்வரை போனால் லாபத்தில் இருப்பவர் ஏறக்குறைய 5 பேர். 10,000 பந்தயங்கள் என்றால் அந்த வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிடும். எண்ணிக்கை கூடக் கூட முடிவுகள் சராசரியை நெருங்கும் என்பதைக் கணித மேதை ஜேக்கப் பெர்னூலி நிறுவினார்; அவர் மறைவுக்குப் பின் 1713-இல் வெளியான நூலில் அது இருக்கிறது. ஆட்டக்காரரின் சராசரி நட்டமாக இருக்கும்போது, நீண்ட காலம் அவரை அந்த நட்டத்தை நோக்கியே கொண்டுசேர்க்கும். முதல் 100 பந்தயங்களில் லாபம் பார்த்த 31 பேர்தான் இதில் பெரிய ஆபத்தில் இருப்பவர்கள். தங்களுக்குத் திறமை இருக்கிறது என்று நம்ப அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நண்பர்களிடம் சொல்பவர்களும் அவர்கள்தான். தோற்ற 69 பேர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் நம் காதுக்கு வரும் கதைகளில் ஜெயித்த கதைகளே அதிகம்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவின் பிவின் நிறுவனத்தில் 2005 பிப்ரவரியில் கணக்குத் தொடங்கிய 40,000-க்கும் மேற்பட்டவர்களின் உண்மையான பந்தயப் பதிவுகளை, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆய்வாளர்கள் எட்டு மாதங்கள் பின்தொடர்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் கட்டும் பந்தயங்களில், நடுவில் நிற்கும் ஒரு சாதாரண வாடிக்கையாளர் கட்டிய பணத்தில் 29 சதவீதத்தை இழந்திருந்தார். ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயங்களில் இழப்பு 18 சதவீதம். 5 சதவீதப் பங்கு எடுக்கும் ஏற்பாட்டில் இழப்பு இவ்வளவு பெரிதாவது எப்படி என்று கேட்கலாம். ஒரு வழியைக் கணக்கே காட்டுகிறது. ஐந்து ஆட்டங்களை ஒன்றாகக் கோத்து ஒரே பந்தயமாகக் கட்டினால், ஒவ்வொரு ஆட்டத்தின் 5 சதவீதமும் அடுத்ததோடு பெருகி, நிறுவனத்தின் பங்கு 22 சதவீதத்தைத் தாண்டிவிடும். சிறு பணத்துக்குப் பெரும் பரிசு என்று செயலிகள் முன்னால் நிறுத்துவது இத்தகைய பந்தயங்களைத்தான்.

“எனக்கு கிரிக்கெட் தெரியும்” என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். தெரிந்திருக்கலாம். ஆனால் பிட்ச் எப்படி, பனி விழுமா, எந்தப் பந்துவீச்சாளருக்குக் காயம் என்பதெல்லாம் ஆட்ஸ் போடுகிறவருக்கும் தெரியும். பொதுவில் கிடைக்கும் தகவல் முழுவதும் விலையில், அதாவது ஆட்ஸில், ஏறிய பிறகுதான் அது நம் திரைக்கு வருகிறது. எந்த அணி வெல்லும் என்று தெரிந்தால் போதாது. விலை எங்கே பிசகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒருவருக்கு அதுவும் தெரியும், 100-க்கு 55 சரியாகச் சொல்வார் என்றே கொள்வோம். 1.90 ஆட்ஸில் அவருக்கு நிற்கும் லாபம் 100 ரூபாய்க்கு நாலரை ரூபாய். மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்க அவர் மாதந்தோறும் ஆறரை லட்சத்துக்கும் மேல் பந்தயம் கட்டியாக வேண்டும். தான் 55-ஆ, அதிர்ஷ்டம் வாய்த்த 50-ஆ என்பதை அறிய 100 பந்தயங்கள் போதவே போதாது, பல நூறு பந்தயங்களாவது வேண்டும். அதை அறிந்துகொள்வதற்குள் பெரும்பாலோரின் கைமுதல் கரைந்துவிடும்.

கட்டும் தொகையை மாற்றி மாற்றிப் போட்டு இதை வென்றுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் விட்டது எல்லாம் திரும்ப வந்துவிடும் என்பது பழைய உத்தி. 100 ரூபாயில் தொடங்கி தொடர்ந்து பத்து முறை தோற்றால் போன தொகை 1,02,300 ரூபாய். பதினோராவது முறை 1,02,400 ரூபாய் கட்ட வேண்டும். அது எல்லாம், கட்டியதற்குச் சமமான லாபம் தரும் ஆட்டத்தில்கூட, ஜெயித்தால் கிடைக்கப்போகிற நூறு ரூபாய்க்காக. நாணயம் சுண்டுவது போன்ற ஆட்டத்தில் பத்துத் தொடர் தோல்வி என்பது 1,024 முறைக்கு ஒருமுறை வரக்கூடியது. தினமும் ஆடுகிறவர் வாழ்க்கையில் அது அபூர்வமே அல்ல. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இறங்கியவர்கள் கடனில் முடிவதன் காரணம் இந்தப் பெருக்கத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் உண்மையிலேயே ஜெயித்தவர்களே கிடையாதா? உண்டு, அவர்களை மறுப்பது நேர்மையல்ல. அமெரிக்கரான பில் பென்டர் 1980-களில் ஹாங்காங் குதிரைப் பந்தயத்துக்குக் கணிப்புக்கான கணினி நிரல் எழுதிப் பெரும் செல்வம் ஈட்டினார். இங்கிலாந்தில் பிரைட்டன் கால்பந்து அணியின் உரிமையாளர் டோனி ப்ளூம் பந்தயத்தில் வளர்ந்தவர். ஆனால் இவர்களிடம் இருந்தவை பெரும் தரவுத் தொகுப்பு, புள்ளியியல் வல்லுநர்கள், பல ஆண்டு உழைப்பு, நட்டத்தைத் தாங்கும் முதல். ஹாங்காங்கில் எல்லோர் பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. நடத்துகிறவர் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வதால், யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலையில்லை. பென்டருக்குப் போனது மற்ற ஆட்டக்காரர்களின் பணம். தானே ஆட்ஸ் போட்டுத் தானே பணம் கொடுக்கும் நிறுவனம் அப்படி இருக்காது. லிசாண்ட்ரோ கௌனிட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 4,79,440 கால்பந்து ஆட்டங்களின் ஆட்ஸை ஆராய்ந்து, விலை பிசகிய இடங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். சொந்தப் பணத்தில் ஐந்து மாதங்கள், 265 பந்தயங்கள் கட்டிப் பார்த்தபோது 8.5 சதவீத லாபம் வந்தது. அதன்பின் நிறுவனங்கள் அவர்கள் கட்டக்கூடிய தொகையைக் கடுமையாகக் குறைத்தன, முயற்சி நின்றது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டும் பெட்ஃபேர் தளமும், தொடர்ந்து பெரிய அளவில் ஜெயிப்பவர்களிடம் 2008 முதல் கூடுதல் கட்டணம் வாங்கத் தொடங்கி, 2011-இல் அதை லாபத்தில் 60 சதவீதம்வரை உயர்த்தியது. தோற்பவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது, ஜெயிப்பவருக்குத்தான் சாத்தப்படுகிறது.

“பங்குச் சந்தையும் சூதாட்டம்தானே” என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு, அந்த நிறுவனம் உற்பத்தி செய்து ஈட்டும் லாபத்தில் பங்கு உண்டு. அங்கே காலம் முதலீட்டாளருக்கு உதவலாம். பந்தயத்தில் எதுவும் உற்பத்தியாவதில்லை. ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகிறது, நடுவில் கமிஷன் கழிகிறது. பங்குச் சந்தையிலும் இதே அமைப்பு கொண்ட ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் விளைவு இதேதான்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தன் ஆய்வில் கண்டது. அமைப்பு ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாகவே வருகிறது.

இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் மோசமானது. 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் விளையாட்டின் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தளத்தில் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மேலே பார்த்த நாலரை ரூபாய் லாபத்தை இவை இன்னும் கரைத்துவிடும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். மிஞ்சியிருப்பவை வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளும் டெலிகிராம் குழுக்களும்தான். அங்கே ஜெயித்த பணத்தைத் தர மறுத்தால் நீதிமன்றம் போக முடியாது; 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆவது பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. “ஐந்தும் அப்படியே பலித்தது” என்று வரும் டிப்ஸையும் நம்ப முடியாது. 3,200 பேரைப் பாதியாகப் பிரித்து எதிரெதிர் கணிப்பு அனுப்பி, சரியாகக் கிடைத்தவர்களை மீண்டும் மீண்டும் பாதியாக்கினால், எதையுமே கணிக்கத் தெரியாதவர்கூட 100 பேரிடம் ஐந்து முறை தொடர்ந்து சரியாகச் சொன்னவராகிவிடலாம்.

ஆகவே, நீண்ட கால லாபம் என்பது சாதாரண மனிதருக்கு எட்டக்கூடிய இலக்கு அல்ல. சுயகட்டுப்பாடு இழப்பைத் தாமதப்படுத்தும். அதை லாபமாக மாற்றாது. தோற்றவரை முட்டாள் என்றோ பேராசைக்காரர் என்றோ ஏசுவதால் பயனில்லை. தோற்பதற்கென்றே அமைந்த ஏற்பாட்டில் அவர் தோற்றிருக்கிறார். பள்ளிகளில் நிகழ்தகவு பாடம் பகடையோடு நின்றுவிடாமல், ஆட்ஸ் எப்படிப் போடப்படுகிறது என்பதையும் பதின்வயதினருக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இழந்து நிற்பவருக்கு இந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: போன பணத்தை அடுத்த பந்தயம் மீட்காது, நிறுத்துகிற நாளோடு இழப்பு நிற்கும். நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவரிடமாவது கடன் எவ்வளவு என்று உள்ளபடி சொல்லிவிடுவதும், செயலியை நீக்கி வங்கிக் கணக்கை நம்பகமானவர் பார்வையில் வைப்பதும் உடனே செய்யக்கூடியவை.