கோடை விடுமுறையும் கொல்லைக் கத்தரியும்

உபாத்தியாயர்களைப் பார்த்து உலகம் பொறாமைப்படுவதற்கு ஒரே ஒரு விஷயந்தான் உண்டு. அதுதான் கோடை விடுமுறை. நம்முடைய சம்பளத்தைக் குறித்தோ, பரீட்சைத் தாள்கள் திருத்தும் பாக்கியத்தைக் குறித்தோ இதுவரை யாரும் பொறாமை கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால், பாங்கியிலும் ஆபீஸிலும் உத்தியோகம் பார்க்கும் நண்பர்கள், "உங்களுக்கு என்ன ஸார், ராஜ யோகம்!" என்று பெருமூச்சு விடத் தொடங்குவார்கள். அந்த ராஜ யோகத்துக்கு ஒரு விரோதி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த விரோதி இருக்கும் இடம் நம் வீட்டுக் கொல்லைப்புறம்.

நாம் வசிப்பது கும்பகோணத்தில், பழைய காலத்து வீடு ஒன்றில். அகலம் என்னவோ அற்பந்தான்; நீளமோ ரயில் வண்டியைப் போல் போய்க்கொண்டே இருக்கும். அந்த ரயிலின் கடைசிப் பெட்டிதான் கொல்லை. அங்கே ஒரு கிணறு. கிணற்றடியில் இரண்டு வாழை. மதில் ஓரமாக முருங்கையும் கறிவேப்பிலையும். நடுவில் நாலு பாத்தி. ஒன்றில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் மிளகாயும் தக்காளியும், நாலாவதில் கத்தரி. இந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஏக சக்கரவர்த்தினி நம் தாயார். அவருக்கு வயது எழுபத்து நாலு.

கத்தரி என்றால் கடையில் கிடைக்கும் கத்தரி அல்ல. வெளிர் பச்சையில் வெள்ளை வரி ஓடிய சிறு காய், காம்பில் முள். எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். நம் தாயார் மணமாகிப் புக்ககம் வந்தபோது, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. அன்று முதல் வருஷந்தோறும் அதே விதை; அதே காய். நல்ல செடியாகப் பார்த்து, அதில் உருண்டு திரண்ட காய் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவார். நூல் கட்டிய காயைத் தொட இந்த வீட்டில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. அது செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பிறகு அதை அறுத்துத் தண்ணீரில் பிசைவார். பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அதைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்துவைப்பார். பாகல், புடல் விதைகளுக்கு வேறு முறை. அவற்றைச் சாண வறட்டியில் பதித்துக் காயவைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட தோட்டத்தை வைத்துக்கொண்டு யாத்திரை போவது எப்படி? பள்ளிக்கூடம் மூடுவது மே மாதத்தில். அக்கினி நட்சத்திரம் எரிவதும் மே மாதத்தில். மனிதன் ஊரைவிட்டு ஓட நினைக்கும் அதே நாட்களில்தான் செடி இரண்டு வேளையும் தண்ணீருக்கு நாக்கை நீட்டுகிறது. "நீங்கள் போய்விட்டு வாருங்கள். செடிகளை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?" என்று நம் தாயார் வருஷந்தோறும் சொல்லிவிடுவார். இப்படியாக அவர் மலை என்ற ஒன்றைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

சில வருஷங்களுக்கு முன்பு நாம் பிடிவாதம் பிடித்தோம். நாலு செடிக்காக ஒரு மனுஷி உதகமண்டலத்தைப் பார்க்காமல் இருப்பதா? தண்ணீர் ஊற்றுவதற்குக் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தினோம். முன்பணம் கொடுத்தோம். உபாத்தியாய புத்தி எங்கே போகும்? "காய் ஒன்றையும் பறிக்கக் கூடாது" என்று கண்டிப்பாக எச்சரிக்கையும் செய்தோம். பிறகு கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயிலைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த பாதை அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்கள் அமைந்த இரும்புப் பட்டையைக் கவ்விக்கொண்டுதான் வண்டி ஏறுகிறது. 46 கிலோ மீட்டர் தூரத்தை ஏறிக் கடக்கச் சுமார் ஐந்து மணி நேரமாகிறது. 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. நம் குழந்தைகள் குகைகளை எண்ணிக் கொண்டு வந்தார்கள், மொத்தம் பதினாறு. நம் தாயாரோ ஜன்னல் வழியே பாறை இடுக்கில் முளைத்திருந்த செடிகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

உதகையில் அரசினர் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். மே மாதத்து மலர்க் காட்சிக்காகப் பூத்தொட்டிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தார்கள். நாம் ஓர் அரிய சரித்திரத்தை எடுத்துச் சொன்னோம். இன்று ஜனங்கள் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இந்தப் பூங்கா ஆதியில் ஒரு காய்கறித் தோட்டமாகத் தொடங்கியது! 1840-களில் உதகையில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா போட்டு, தங்கள் சமையலுக்குக் காய்கறி பயிரிட ஆரம்பித்தார்கள். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. பிறகு 1848-ல் மாக் ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் இங்கிலாந்திலிருந்து வந்து அதைப் பூங்காவாக மாற்றினார். அதற்கும் முன்னால், 1819-ல் மலையேறி வந்த கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன், சீமைக் காய்கறி வகைகளை இந்த மலையில் பயிராக்கிப் பார்த்தவர். இன்று நம் சாம்பாரில் மிதக்கும் காரட்டும், பொரியலாகும் முட்டைக்கோஸும் நீலகிரி மண்ணில் காலூன்றிய கதை இதுதான்.

"அப்படியானால் இந்த ஊரும் நம் கொல்லையைப் போலத்தான் ஆரம்பித்ததா?" என்று கேட்டார் நம் தாயார். அதற்குப் பிறகு மலர்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே சரிவில் படிப்படியாக இறங்கிய காரட் பாத்திகளின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றார். காரட் பிடுங்கிக் கொண்டிருந்த பெண்களிடம் என்ன எரு, எத்தனை நாள் பயிர் என்றெல்லாம் விசாரித்தார். திரும்பும்போது மட்டும், "இந்தக் குளிரில் செடிக்குப் பயமில்லை. நம் ஊரில் இன்று எப்படிக் காய்கிறதோ!" என்றார்.

பத்தாம் நாள் வீடு திரும்பினோம். பெட்டியைக்கூட வைக்காமல் தாயார் நேரே கொல்லைக்குப் போனார். கீரைப் பாத்தி இருந்த இடத்தில் வெடித்த மண் இருந்தது. வெண்டை சருகாகி நின்றது. கத்தரிச் செடிகள் தலை சாய்ந்து கருகிக் கிடந்தன. நூல் கட்டிய காய் பழுக்காமலே சுருங்கி, ஒரு பாக்கு அளவில் தொங்கிற்று. சிவப்பு நூல் மாத்திரம் கட்டியபடி புதிதாக இருந்தது.

தண்ணீர் ஊற்ற அமர்த்தியவர் நாலு நாள் ஒழுங்காக வந்திருக்கிறார். பிறகு கிராமத்தில் ஏதோ கலியாணம் என்று போய்விட்டார். அவரைக் கோபித்து என்ன பயன்? நம் தாயார் யாரையும் கோபிக்கவில்லை. அந்த நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். முன் வருஷத்து விதையில் பாதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்து, மீதியைத் தைப் பட்டத்தில் விதைத்தாகிவிட்டது. வீட்டில் ஒரு விதைகூட மிச்சமில்லை. வாங்கிப் போன அண்டை வீட்டாரை விசாரித்தோம். எல்லாரும் காயின் ருசியைப் புகழ்ந்தார்கள். ஒருவர் வீட்டிலும் விதை இல்லை. நாம் கடையிலிருந்து வர்ணப் படம் போட்ட விதைப் பொட்டலங்கள் நாலு வாங்கி வந்தோம். தாயார் அவற்றையும் விதைத்தார். அவை நன்றாகவே காய்த்தன. ஆனால் சிவப்பு நூல் கட்டும் வழக்கம் நின்றுவிட்டது. அந்த மௌனம் நம்மை உறுத்திய அளவு எந்தக் கோபமும் உறுத்தியிராது.

அடுத்த கோடையில், "இந்த விடுமுறைக்கு எங்கே?" என்று குழந்தைகள் கேட்டபோது, "பாட்டி பிறந்த ஊருக்கு" என்றோம். அங்கே யாரிடமாவது அந்தக் கத்தரி இருக்கலாம் என்ற நப்பாசைதான்.

இந்தத் தடவை தோட்டத்தை விட்டுப் போகும் வித்தையை முறையாகச் செய்தோம். வாசகர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, காலக் கணக்கு. கீரை விதைத்து 25 நாளில் பறிப்புக்கு வரும்; வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஆகையால் தை மாதத்திலேயே விதைத்துவிட்டால், சித்திரைக்குள் பெரும்பாலும் காய்த்து ஓய்ந்துவிடும். கோடையில் முருங்கையும் கறிவேப்பிலையும் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும். இரண்டாவது, புறப்படுவதற்கு முன் களை எடுத்து, முற்றியது பிஞ்சு எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும். காய் சுமக்கும் செடிக்குத் தாகம் அதிகம். மூன்றாவது, மாலை வேளையில் வேர் நனைய நீர் பாய்ச்சி, மண் தெரியாமல் சருகும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் ஊறவைத்த தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் கீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். நாலாவது, மெருகிடாத மண் பானைகளைச் செடிகளுக்கு நடுவில் கழுத்து மட்டும் தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக நீர் கசிந்து வேருக்குப் போய்ச் சேரும். தொட்டிச் செடிகளை எல்லாம் நிழலில் ஒன்றாக நெருக்கி வைத்து, ஒரு வாளித் தண்ணீரிலிருந்து பருத்தித் துணித் திரியை ஒவ்வொரு தொட்டிக்கும் இழுத்துவிட்டால் போதும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. இதைச் சொன்னவர் நம் மனைவி. "காயைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மாத்திரம் ஊற்று என்றால் யார் ஊற்றுவார்கள்?" என்றார். அடுத்த வீட்டு அம்மாளிடம் கொல்லைச் சாவியைக் கொடுத்து, "நாங்கள் திரும்பும் வரையில் தோட்டம் உங்களுடையது, காய்ப்பதெல்லாம் உங்களுக்கு" என்று சொல்லி வந்தார். பத்து வருஷம் குடிமைப் பயிற்சிப் பாடம் நடத்தியும் இந்த நியாயம் நம் மூளைக்கு எட்டவில்லை!

செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கினோம். அங்கிருந்து தென்காசி மார்க்கத்தில் அம்பாசமுத்திரம். ரயிலில் குழந்தைகளுக்கு வேறொரு பிரயாணக் கதை சொன்னோம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி இவை எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பல் ஏறி இங்கே வந்தவை. 1498-ல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கும் வரையில் நம் முன்னோர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். கத்தரியோ இந்த மண்ணின் குழந்தை. அதனால்தான் ஊருக்கு ஒரு கத்தரி. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. குறியீடும் பெயரும் இல்லாமல் கொல்லைகளில் வாழ்ந்து மறைந்த கத்தரிகள் எத்தனையோ!

கிராமத்தில் தாயாரின் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறார். பாபநாசத்துத் தாமிரபரணியில் நீராடிவிட்டு, மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனோம். இலையில் கத்தரிக்காய்க் கறி விழுந்தது. தாயார் ஒரு வாய் எடுத்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்கே கிடைத்ததடி உனக்கு?"

"என்னக்கா இப்படிக் கேட்கிறாய்? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னே கலியாணத்துக்கு வந்தபோது நீதானே கொடுத்தாய்? இங்கே வெள்ளத்தில் எங்கள் விதை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் அழுதேனே!"

ஊரிலிருந்து மணப்பெண்ணின் முந்தானையில் புறப்பட்ட விதை, தாய் வீட்டில் அழிந்தபோது கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்து காத்திருக்கிறது. இப்போது கும்பகோணத்தில் அழிந்தது. தாய் வீட்டில் காத்திருந்தது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அந்த இரண்டு சகோதரிகளும் சாயங்காலம் வரையில் திண்ணையில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு என்னவாயிற்றோ தெரியாது. திரும்பும்போது தாயாரின் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது.

ஊருக்கு வந்து பார்த்தால் கொல்லை பச்சைப் பசேல் என்றிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள் பாதி முருங்கைக்காயை நமக்கென்று எடுத்தும் வைத்திருந்தார். ஆடிப் பட்டத்தில் நாற்று விட்டோம். ஆவணியில் பிடுங்கி நட்டோம். ஐப்பசியில் காய்த்தது. முதல் நல்ல காய்க்குத் தாயார் சிவப்பு நூல் கட்டினார். பழைய நூல்தான், அதைப் பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு அந்த விதை போகிறது. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களும் வாங்கிப் போகிறார்கள். இனாம்தான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கியவர்கள் மறு வருஷம் ஒரு சிட்டிகை விதை திருப்பித் தரவேண்டும். "வீட்டுக்குள்ளே பூட்டி வைத்த விதைதான் போய்விட்டது. கொடுத்த விதை போகவில்லை" என்கிறார் தாயார்.

போன வாரம் பரீட்சைத் தாள்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாயார் கொல்லையிலிருந்து கையை அலம்பிக்கொண்டு வந்து, "ஏண்டா, உனக்கு இந்த வருஷம் என்றைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள்?" என்று கேட்டார்.

"ஏன், அம்மா?"

"கொடைக்கானலில் பூண்டு நன்றாக விளையுமாமே, பார்த்துவிட்டு வரலாம். அடுத்த வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்தாகிவிட்டது" என்றார்.