கோச் இன்னும் எத்தனை வருஷம் வருவார்?

கடந்த மாதம் எங்கள் பள்ளித் திடலில் நடந்தது இது. மாலை நான்கு மணி. கிள்ளானில் அந்த நேரத்து வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் காற்பந்து அணிக்குப் பயிற்சி தரும் பயிற்றுநருக்கு வயது 67. விசிலை வாயில் வைத்தவர், ஊதாமலே கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல். நிழலுக்கு அழைத்துச் சென்று தண்ணீர் கொடுத்தோம். சிறிது நேரத்தில் எழுந்து, "ஒன்றுமில்லை" என்றார்.

மறுநாள் நான்காம் படிவ வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், கோச் இன்னும் எத்தனை வருஷம் வருவார்?" பின்வரிசையிலிருந்து இன்னொருவன், "வயசாயிடுச்சு, இனி வீட்ல ரெஸ்ட் எடுக்கலாமே" என்றான்.

கேலியாகச் சொன்னதில்லை அது. அக்கறையாகத்தான் சொன்னான். ஆனால் 67 என்ற எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியுமா? பார்ப்போம், மாணவர்களே.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

இங்கிலாந்தின் ரோய் ஹோட்சன் 1947 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிறந்தவர். பிரான்ஸின் ஜெரார் ஹூலியே அதே ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி பிறந்தவர். இருவருக்கும் 25 நாள்தான் வித்தியாசம். இருவரும் புகழ்பெற்ற காற்பந்துப் பயிற்றுநர்கள்.

2001 அக்டோபரில் ஹூலியேவுக்கு வயது 54. லிவர்பூல் அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது இடைவேளையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. பல மணி நேர அறுவைச் சிகிச்சையில் உயிர் பிழைத்தார். ஐந்து மாதங்களுக்குப் பிறகுதான் பணிக்குத் திரும்ப முடிந்தது.

ஹோட்சனோ 2023-இல், தம்முடைய 75-ஆவது வயதில், கிறிஸ்டல் பேலஸ் அணியைக் காப்பாற்ற மீண்டும் அழைக்கப்பட்டார். இங்கிலீஷ் பிரிமியர் லீக் வரலாற்றிலேயே மிக மூத்த பயிற்றுநர் அவர்தான். 2024 பிப்ரவரியில் பயிற்சியின்போது உடல்நலம் குன்றி மருத்துவமனைக்குப் போனார். சில நாள்களில் பதவி விலகினார். அப்போது வயது 76.

நம் நாட்டில் கே.ராஜகோபால், மலேசிய அணி 2010-இல் சுசுக்கி கிண்ணத்தை வென்றபோது ஹூலியே நோயுற்ற அதே 54 வயதில் இருந்தார். லிவர்பூலின் யூர்கன் கிளோப், தம் சக்தி தீர்ந்துவருவதாகச் சொல்லி 2024-இல் விலகினார். அவருக்கு அப்போது 56 வயதுதான்.

ஆக, பிறந்த தேதி ஒன்றைச் சொல்கிறது, உடல் வேறொன்றைச் சொல்கிறது.

உடலுக்குள் பல கடிகாரங்கள்

நம் உடல் முழுவதும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தசைக் கடிகாரம்: 30 வயதுக்குப் பிறகு, பத்து ஆண்டுகளுக்குச் சராசரியாக 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. உடற்பயிற்சி செய்வோருக்கு இது மெதுவாக நடக்கும்.

கண் கடிகாரம்: வயதோடு மெல்ல இறுகிவரும் விழிவில்லையின் விளைவு 40 வயதுக்கு மேல் தெரியத் தொடங்குகிறது. அருகில் உள்ளதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஆனால் திடலின் மறுகோடியில் நிற்கும் ஆட்டக்காரரைப் பார்க்க அது தடையில்லை.

மூளையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. புதிய சிக்கலை விரைந்து தீர்க்கும் திறன் ஒன்று. பல ஆண்டுகள் கற்றுச் சேர்த்த அறிவு மற்றொன்று. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். விரைவுத் திறன் இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்கும். சேர்த்த அறிவோ அறுபதுகளிலும் பெரும்பாலும் குறையாமல் நிற்கும்.

ஆட்டக்காரருக்கு வேண்டியது முதலாவது. பயிற்றுநருக்கு அதிகம் வேண்டியது இரண்டாவது. முப்பத்தைந்து வயதில் காலணியைக் கழற்றும் ஆட்டக்காரர், அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் பயிற்றுநராக இருக்க முடிவது இதனால்தான்.

ராஜகோபாலையே எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பர் 1-இல் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 எனத் தோற்றது. டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-0 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் நமக்கு. அந்த அணியில் இருந்த பல இளைஞர்களை அவர் முன்பே அறிவார். 2009-இல் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வென்ற அணியையும் அவரே வழிநடத்தியிருந்தார். 25 நாள்களில் ஓர் அணியைத் திருத்தியெடுக்க வேகமான கால்கள் தேவையில்லை. அந்த ஆட்டக்காரர்களைப் பல காலம் கவனித்த கண்கள் போதும்.

2011-இல் கிளந்தான் அணியைச் சூப்பர் லீக் வெற்றியாளராக்கிய எம்.கராத்துவும் அறுபதைத் தாண்டியவர்தான்.

செய்து பாருங்கள்

30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுங்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சற்றே விரித்து வைக்கட்டும். அளவுகோலின் சுழியம் அந்த விரல்களுக்கு நடுவே இருக்கும்படி மேலிருந்து பிடியுங்கள். சொல்லாமல் விடுங்கள். எத்தனை செ.மீட்டரில் பிடித்தார் என்று பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு இடம் மாறி, நீங்கள் பிடியுங்கள்.

15 செ.மீ. என்றால் ஏறத்தாழ 0.17 வினாடி. 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி. 25 செ.மீ. என்றால் 0.23 வினாடி. (தடையின்றி விழும் பொருளுக்கான சூத்திரத்தில் g-க்கு 9.81 போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.)

பெரும்பாலும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்று கவனியுங்கள். ஒரு வினாடியில் சிறு பகுதி! கோல் காவலருக்கு அது பெரிய இழப்பு. திடலோரம் நின்று யாரை மாற்றுவது என்று யோசிக்கும் பயிற்றுநருக்கு அது ஒன்றுமே இல்லை.

இதயத்தின் கணக்கு

அப்படியானால் எங்கள் பயிற்றுநர் ஏன் தலைசுற்றி உட்கார்ந்தார்? இங்கேதான் கவனம் வேண்டும்.

ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-இலிருந்து கழிக்க வேண்டும். 16 வயது மாணவனுக்கு 197 வரும். 67 வயதுப் பயிற்றுநருக்கு 161 வரும். இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது ஓர் ஆட்டம். நடுவர் பெனால்டி தரவில்லை. பயிற்றுநர் கத்துகிறார். சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத்துடிப்பு 120-ஐத் தொடுகிறது. மாணவனின் இதயத்துக்கு அது உச்சத்தில் 61 விழுக்காடு. பயிற்றுநரின் இதயத்துக்கோ 75 விழுக்காடு. ஓர் அடிகூட ஓடாமல், நின்ற இடத்திலேயே அவர் இதயம் ஓடிவிட்டது. கூடவே இரத்த அழுத்தமும் ஏறுகிறது. தமனிச் சுவர்கள் வயதோடு விறைப்படைவதால் அந்த அழுத்தத்தை அவை முன்போல் தாங்குவதில்லை.

தோல்வி தொடர்ந்தால், பதவி போய்விடுமோ என்ற கவலையில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் அதிகமாகவே இருக்கும். தூக்கம் கெடும். தொழில்முறைப் பயிற்றுநரின் கடிகாரத்தை வேகமாக ஓட்டுவது பெரும்பாலும் இந்த அழுத்தம்தான்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கிறது. உடலில் நீர் குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்தும். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதும் இல்லை, உடல் குளிர்வதும் இல்லை. "தாகமில்லை" என்று தாத்தா சொன்னால், தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

நீடித்தவர்கள் என்ன செய்தார்கள்?

அலெக்ஸ் பெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 1986 முதல் 2013 வரை நடத்தினார். 2004-இல் அவருக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டது. அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். அன்றாடப் பயிற்சியைத் துணைப் பயிற்றுநர்களிடம் விட்டுவிட்டு, ஓரமாக நின்று கவனிப்பது அவர் வழக்கம். 71 வயதில் அவர் விலகியதற்குச் சொன்ன காரணம் உடல் அல்ல. மனைவியின் சகோதரி இறந்துவிட்டார், மனைவிக்குத் துணையாக வீட்டில் இருக்க விரும்பினார்.

நம் நாட்டுச் சட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அது வேலைக்கான எண். உடல் அந்த எண்ணைப் பார்த்து நிற்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை. மருத்துவப் பரிசோதனை, தூக்கம், வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனம் இவைதான் எத்தனை ஆண்டு என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

எங்கள் பயிற்றுநரின் கதைக்கு வருகிறேன். அவர் மகள் அவரை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனார். இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினார். பயிற்சி இப்போது ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. பந்தை உதைத்துக் காட்டுவது ஐந்தாம் படிவ மாணவர்களின் வேலை. அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். அந்த நாற்காலிக்கு முதல் வாரம் முகம் சுளித்தார். இப்போது பழகிவிட்டது.

"ரெஸ்ட் எடுக்கலாமே" என்று சொன்ன மாணவன்தான் தினமும் அவருக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தாகமில்லை என்று அவர் சொன்னாலும் விடுவதில்லை.