பசியாறிட்டீங்களா, டீச்சர்?

நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி ஜோர்ஜ்டவுனுக்கு வந்த புதிதில், இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்புக்கு உதவியாகப் போனேன். சம்பளம் கிடையாது. வாரத்தில் இரண்டு காலை, வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வேண்டும். 'தமிழ்தானே, நமக்குத் தெரியாததா?' என்ற நினைப்பு எனக்கு.

முதல் நாளே ஒரு பையன், "பேனா ரெண்டு வெள்ளி, டீச்சர்" என்றான். விழித்தேன். ரிங்கிட்டைத்தான் சொல்கிறான் என்று பக்கத்துப் பிள்ளை விளக்கியது.

மறுவாரம் ஒரு சிறுமி, "பசியாறிட்டீங்களா, டீச்சர்?" என்றாள். "சாப்பிட்டீங்களான்னு கேட்கணும்" என்று திருத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறவள், அன்று வாயே திறக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் மாமியார் சிரித்தார். "அது உங்க ஊர்லேர்ந்து கப்பல்ல வந்த சொல்லும்மா."

சுருக்கென்றது. எங்கள் ஊர் மரைக்காயர் வீடுகளில் காலையில் அப்படித்தானே கேட்பார்கள்! நாகையிலிருந்து பினாங்குக்கு வந்த 'ரஜூலா' கப்பலில் மூட்டை முடிச்சோடு சொற்களும் ஏறி வந்திருக்கின்றன. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பை வைத்துத்தான், 2016இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு கொண்டாடினார்கள். அந்த ஊரின் தமிழைத் திருத்த வந்தவள் நான்!

அடுத்த வகுப்பில் நேராக அவளிடம் போனேன்.

"நான் இன்னும் பசியாறல. நீ?"

"நாசி லெமாக், டீச்சர்" என்றவள், புத்தகத்தைத் திறந்தாள்.