யாருக்காகக் கடை திறக்கின்றோம்?

புலம்பெயர்ந்த நாடொன்றில் எம்மவர் ஒருவர் வணிகம் தொடங்க எண்ணும்போது, முதலில் இடத்தைத் தேடுகின்றார்; அடுத்து முதலைத் தேடுகின்றார். கடைக்கு வரப்போகின்றவர் யார் என்னும் வினா, பெரும்பாலும் திறப்பு விழாவுக்குப் பின்னரே எழுகின்றது. அவ்வேளையில் சீட்டெடுத்த காசும், மைத்துனரிடம் கைமாற்றாகப் பெற்ற காசும் தட்டுகளிற் பொருட்களாக அடுக்கப்பட்டிருக்கும்.

‘பக்கத்துக் கடைக்காரர் நன்றாக உழைக்கின்றார்’ என்பதே எம்மிற் பலருக்குச் சந்தை ஆய்வாகிவிடுகின்றது. மூன்று பலசரக்குக் கடைகள் உள்ள தெருவில் நான்காவது திறக்கப்படுகின்றது. அங்கும் அதே இடியப்ப மா, அதே கருவாடு, அதே முருங்கைக்காய். வாடிக்கையாளர் தொகை கூடுவதில்லை. மூன்றாகப் பிரிந்திருந்தது நான்காகப் பிரிகின்றது. பின்னர் ஒருவர் அரிசி மூடையின் விலையைக் குறைக்க, ஏனையோரும் குறைக்கின்றனர். முதலில் மூடப்படுவது கடன்பட்டுத் தொடங்கியவரின் கடையே.

இவ்விடத்தில், எம்மைப் போலவே இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் அனுபவம் நோக்கத்தக்கது. குஜராத்தியரான லக்ஷ்மிசங்கர் பதக், 1956இல் கென்யாவிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்தார். வீட்டுச் சமையலறையிற் சமோசாவும் இனிப்பும் செய்து விற்று, பின்னர் லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு அண்மையிலுள்ள டிரம்மண்ட் வீதியிற் கடை வைத்தார். ஊர்ச்சுவைக்கு ஏங்கிய தெற்காசியரே அவரது வாடிக்கையாளர். 1972 ஆகஸ்டில் இடி அமீன், உகண்டாவின் ஆசியர்களை 90 நாட்களுள் வெளியேறுமாறு பணித்தார். அவர்களுள் 27,000க்கும் மேற்பட்டோர் பிரித்தானியாவை அடைந்தனர். அந்த அகதிகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் பதக்குக்குக் கிடைத்தது. ஆயின் தேவை மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தது. பொருட்கள் தேங்கின, கடன் ஏறியது.

சனத்தொகை வேறு, வாடிக்கையாளர் தொகை வேறு என்பதே இதன் பாடம். அடுத்த தலைமுறையினரான கிரித் பதக்கும் அவர் மனைவி மீனாவும் உணவகங்களை நாடினர். அங்குள்ள சமையற்காரருக்கு நேரமும், நாளுக்கு நாள் மாறாத சுவையும் தேவைப்பட்டன. எண்ணெயிற் பதப்படுத்திய மசாலாக் கூழ் அத்தேவையை நிறைவு செய்தது. உணவகத்திற் கறியைச் சுவைத்துப் பழகிய ஆங்கிலேயர், அதை வீட்டிலும் சமைக்க விரும்பினர். அவர்களுக்காகப் பேரங்காடித் தட்டுகளிற் போத்தல்கள் ஏறின. 2007இல் அந்நிறுவனம் அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபூட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஆய்வு எனின் பெரும் பொருட்செலவு எனக் கருத வேண்டியதில்லை. கடை திறக்கக் கருதும் தெருவில் ஒரு வேலைநாட் காலையிலும், ஒரு மாலையிலும், ஒரு சனிக்கிழமையிலும் நின்று, செல்வோரை எண்ணிப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் கனடாவிலும் 2021இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில் மொழிவாரித் தொகை உண்டு. ஆனால் ஆங்கிலமே பிரதான மொழி எனக் குறித்த எம் பிள்ளைகள், இங்கிலாந்தின் தமிழ்த் தொகையில் அடங்கார். பிரான்சின் குடிசன மதிப்பீடு இனத்தைக் கேட்பதில்லை. மேலும், பாரிஸ் லாச்சப்பலில் வாங்குவோர் பலர் அங்கு வாழ்வோர் அல்லர், புறநகர்களிலிருந்து வருவோர். ஆகவே ஏட்டுக் கணக்கோடு கண் கணக்கும் வேண்டும்.

‘நான் கடை திறந்தால் வருவீர்களா?’ என்று உறவினரிடம் கேட்பது ஆய்வன்று. வரமாட்டேன் என்று எவர் சொல்வார்? ‘சென்ற கிழமை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு செலவிட்டீர்கள், எது கிடைக்காமல் திரும்பினீர்கள்?’ என்று கேட்க வேண்டும். மனிதர் வாக்களிப்பதை விட, அவர் செய்து முடித்ததே நம்பத்தக்கது.

அடுத்தது தெரிவு. இரண்டு வேலை செய்யும் இளந்தம்பதியர் வெட்டிக் கழுவிய மரக்கறியையும் இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் கடையையும் விரும்பலாம். முதிய தாயார் நடந்து செல்லும் தூரத்தையும் தமிழிற் பேசும் முகத்தையும் விரும்பலாம். அயலிலுள்ள வெள்ளையர், பொருளின் பயன்பாடு எழுதப்பட்ட அட்டையை எதிர்பார்க்கலாம். எல்லோரையும் ஒருங்கே திருப்திப்படுத்த முனையும் சிறு கடை எவரையும் முழுமையாகத் திருப்திப்படுத்துவதில்லை.

தெரிந்தெடுத்தவர் தொகை போதுமா என்பதைக் கணக்கிடலாம். வாடகை, மின்சாரம், கூலி ஆகியவை கிழமைக்கு 1,200 பவுண் எனக் கொள்வோம். ஒருவர் 20 பவுணுக்கு வாங்கினால் 4 பவுண் மிஞ்சும் எனவும் கொள்வோம். அவ்வாறாயின் செலவை ஈடுகட்ட மட்டும் கிழமைக்கு 300 பேர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 பேர் வரவேண்டும். அத்தனை பேர் அத்தெருவில் உள்ளனரா? ஐயமெனின், கோயில் திருவிழாவில் ஒரு தட்டி போட்டு விற்றுப் பார்ப்பது, ஐந்தாண்டுக் குத்தகையிற் கையொப்பமிடுவதிலும் மலிவானது.

ஊரில் தொழில் நொடித்தால் காணியாவது இருந்தது. இங்கு நொடித்தால், கடன் தந்த உறவும் முறிகின்றது. வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்போர் சிலருக்கு இன்று தொழில் செய்யும் உரிமை இல்லாதிருக்கலாம். ஆனால் தெருவைக் கவனிக்கவும், எண்ணவும், வினவவும் எவரது அனுமதியும் தேவையில்லை. காத்திருக்கும் காலத்தை அதற்கேனும் பயன்படுத்துவோமாக.