வாயில் வாழும் மதுவங்களை இனங்காணல்

நீரிழிவு நோயாளர் ஒருவரின் நாவில் வெண்படலம் தோன்றினால், 'பங்கசு' எனக் கூறி மருந்து வழங்குவது வழமை. எந்தப் பங்கசு என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவின் முக்கியத்துவத்தையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கன்டிடா எனப்படும் மதுவம் (ஈஸ்ட்) சுகதேகிகள் பலரது வாயிலும் தீங்கின்றி வாழ்கின்றது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றும்போதோ உமிழ்நீர் வற்றும்போதோ அதுவே நோயை விளைவிக்கின்றது. அல்பிகன்ஸ் என்ற இனமே இவற்றுள் மிகுதி. எனினும் பொய்ப்பல் அணியும் முதியோர், நீரிழிவு நோயாளர், புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெறுவோர் ஆகியோரிடம் கிளப்ராட்டா போன்ற பிற இனங்களும் காணப்படுகின்றன. எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானோரின் வாயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனமொன்று, 1995 இல் டப்ளின் நகரின் பெயரால் டப்ளினியென்சிஸ் எனத் தனியினமாக அறிவிக்கப்பட்டது.

இது வெறும் பெயர் வேறுபாடன்று. பரவலாக வழங்கப்படும் புளூகொனசோல் மாத்திரைக்குக் குருசெய் என்ற இனம் இயல்பாகவே பணியாது. கிளப்ராட்டாவிடத்தும் அதன் வீரியம் குறைவு. இனமறியாது அம்மாத்திரையையே தொடர்ந்து வழங்கின், மருந்துக்குப் பணியாத இனங்களே எஞ்சிப் பெருகும்.

இனங்காணும் முறையோ எளிது. பஞ்சினால் எடுக்கப்படும் மாதிரியை நிறங்காட்டும் வளர்ப்பு ஊடகத்தில் இட்டால், இரண்டொரு நாட்களில் அல்பிகன்ஸ் பச்சையாகவும் குருசெய் இளஞ்சிவப்பாகவும் வளர்ந்து தோன்றும்.

ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணி வகிக்கும் எமது நாட்டில், முதற் சிகிச்சையால் குணமடையாத நோயாளருக்கேனும் இச்சோதனை வழமையாக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.