ஆர்க்கிட் மீண்டும் பூக்குமா?

விழாக்களில் பரிசாகத் தரப்படும் ஆர்க்கிட் செடியைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்கள். அவை இரண்டு மூன்று மாதங்கள் கூட வாடாமல் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து, தடித்த இலைகள் சில மட்டும் மிஞ்சும். செடியின் கதை முடிந்தது என்று எண்ணிப் பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தச் செடியோ உயிரோடு இருக்கிறது! பல ஆண்டுகள் வாழ்ந்து, திரும்பத் திரும்பப் பூக்கும் செடி அது. எப்படிப் பூக்க வைப்பது? அது காட்டில் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் வழி தானே புலப்படும்.

மரமே வீடு

கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஆர்க்கிட்டின் பெயர் ஃபலனாப்சிஸ். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளின் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுத் தாவரம் இது. மரத்தின் உணவை இது திருடுவதில்லை. தங்க இடம் மட்டுமே கேட்கிறது.

தாவரவியல் பாடத்தில் வாண்டாவின் வேரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே வெலாமன் திசுதான் ஃபலனாப்சிஸின் வேரையும் போர்த்தியிருக்கிறது. உள்ளீடற்ற இறந்த செல்களால் ஆன இத்திசு, பஞ்சைப் போல மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்தபோது செல்களில் காற்று நிறைந்திருப்பதால் ஒளி சிதறி, வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்தால் உள்ளேயுள்ள பச்சையம் தெரியும். எனவே வேரே நமக்கு ஓர் அளவுமானி! வெள்ளியாக இருந்தால் நீர் ஊற்றுங்கள்; பச்சையாக இருந்தால் காத்திருங்கள்.

காற்றில் பழகிய இந்த வேரைத் தோட்ட மண்ணில் புதைத்தால் மூச்சுத் திணறி அழுகிவிடும். கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு ஆகியவற்றைத் துளைகள் நிறைந்த தொட்டியில் இட்டு, அதில் நடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்க விடாதீர்கள்.

கண்ணை நம்பாதீர்கள்

பூ வராமைக்கு முதற்காரணம் ஒளிக் குறைவு. "எங்கள் அறை நல்ல வெளிச்சமாக இருக்கிறதே!" என்பீர்கள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்; வீட்டு அறையின் நடுவிலோ சில நூறு லக்ஸ்தான். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. ஃபலனாப்சிஸுக்குச் சுமார் 10,000 லக்ஸ் தேவை.

கருவியில்லாமல் இதை அறிய முடியுமா? முடியும். நண்பகலில் செடிக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் இடம் சரி. நிழலே இல்லையென்றால் ஒளி போதாது, சன்னலருகே நகர்த்துங்கள். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நேர்வெயில் படுகிறது, இலை கருகும்.

குளிர் தரும் சேதி

ஒளியும் நீரும் சரியாக இருந்தும் இலை மட்டுமே வளர்கிறதா? வெப்பமானியைப் பாருங்கள். 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வெப்பநிலை நீடித்தால் ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடாது. 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால்தான் தண்டு கிளம்பும். செடி வளர்ப்போர் குளிரூட்டிய கூடங்களில் வைத்து, வேண்டிய காலத்தில் பூக்கச் செய்வது இந்த முறையில்தான். கோடையில் பூ வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் குளிர்ந்த இரவுக் காற்று படும் சன்னலோரத்தில் வையுங்கள். தண்டு தலைகாட்டியபின் பூ விரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

இரவுக் காற்றால் இன்னொரு பயனும் உண்டு. நீரைச் சேமிப்பதற்காக இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கிறது.

வெப்பம் மிகுந்த ஊரில் இருப்பவர்கள் வாண்டா இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பூமத்திய ரேகைக்கு அருகேயுள்ள சிங்கப்பூர் 1981ஆம் ஆண்டு தேசிய மலராகத் தேர்ந்தது வாண்டா வகை ஒன்றையே. ஆனால் இதற்கு வெயில் நிறைய வேண்டும்.

உரமும் கத்திரியும்

உரத்தைப் பொட்டலத்தில் கூறிய அளவில் கால்பங்காகக் கரைத்து ஊற்றினால் போதும். கரைசல் அடர்ந்தால் சவ்வூடு பரவல் காரணமாக வேரிலிருந்தே நீர் வெளியேறிவிடும். மாதம் ஒருமுறை வெறும் நீரால் தொட்டியை நன்கு அலசுங்கள்.

பூ உதிர்ந்தபின் தண்டு பச்சையாக இருந்தால், அடியிலிருந்து மூன்றாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்து புதுக்கிளை வரலாம். காய்ந்துவிட்டால் அடியோடு வெட்டுங்கள்.

இனி உங்கள் வேலை! ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலை ஆறு மணி வெப்பநிலை, நண்பகல் நிழல், வேரின் நிறம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். எந்த வாரத்தில் தண்டு கிளம்பியது என்றும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதற்கு என்ன தேவை என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும்.